துப்பாக்கியோட வந்தா தடை, பேனாவோட வந்தா?

ஆப்பிரிக்காவுல பக்கத்து நாடுங்க சேர்ந்து ஒரு தேர்தலைக் காப்பாத்துன கதைன்னா எல்லாரும் காம்பியாவைத்தான் சொல்வாங்க. அங்க ஓட்டு போடற விதமே தனி, பேப்பர் கிடையாது, கோலிகுண்டு! ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கலர்ல டிரம், அதுல அவர் போட்டோ, மேல இருக்கற குழாய்ல கோலியைப் போட்டா உள்ள மணி அடிக்கும், ரெண்டு தடவை அடிச்சா யாரோ கள்ள ஓட்டு போடறாங்கன்னு வெளிய இருக்கற அதிகாரிக்குத் தெரிஞ்சுடும். 2016 டிசம்பர் 1 தேர்தல்ல கோலியை அந்தந்த வாக்குச்சாவடியிலயே எண்ணுனாங்க, அதனால மேல போய் ரிசல்ட்டை மாத்தறது கஷ்டம்.

22 வருஷமா ஆண்ட யாஹ்யா ஜாமே, அடாமா பாரோ கிட்ட தோத்துட்டார். மறுநாள் டிவில தோல்வியை ஒத்துக்கிட்டார், அப்புறம் டிசம்பர் 9ஆம் தேதி அப்படியே பல்டி, "செல்லாது, மறுதேர்தல் வேணும்"னுட்டார். செம்ம விஷயம் என்னன்னா அதே நாள்தான் கானா அதிபர் மஹாமா தன்னோட தோல்வியை ஒத்துக்கிட்டார், சில நாள்லயே லைபீரியா அதிபர் சர்லீஃப், நைஜீரியா அதிபர் புஹாரி எல்லாரோடயும் சேர்ந்து காம்பியா தலைநகர் பாஞ்சுல் போய் ஜாமேகிட்ட "இறங்குப்பா"ன்னு பேசுனவர்ல இவரும் ஒருத்தர். தோத்தவரே தோத்தவருக்குச் சொல்றது!

பேச்சு எடுபடல. 2017 ஜனவரி 19ல பாரோ செனகல் தலைநகர் டக்கார்ல இருக்கற காம்பியா தூதரகத்துல பதவியேத்தார், அன்னைக்கே எக்கோவாஸ் (மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கூட்டமைப்பு) படை எல்லையைத் தாண்டிடுச்சு, ரெண்டு நாள்ல ஜாமே ஈக்வடோரியல் கினிக்கு ஃப்ளைட் ஏறிட்டார். காம்பியா சின்ன நாடு, மூணு பக்கமும் செனகல், அதனாலதான் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சது. 2023ல நைஜர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ இதே எக்கோவாஸ் ஆட்சியைத் திருப்பிக் குடுக்க ஒரு வாரம் கெடு குடுத்துச்சு, கெடு முடிஞ்சுது, படை எதுவும் போகல.

சரி, அது கூட பரவால்ல. என் கடுப்பு வேற. ஜாமேயை ஃப்ளைட் ஏத்தக் கடைசி நேரத்துல பேசுனவர்ல ஒருத்தர் கினி (ஈக்வடோரியல் கினி இல்ல, இது வேற நாடு) அதிபர் ஆல்ஃபா காண்டே. அவரே 2020ல அரசியல் சாசனத்தை மாத்தி மூணாவது தடவை நின்னு ஜெயிச்சார், தெருவுல ஆளுங்க செத்தாங்க, எக்கோவாஸ் ஒரு தடை கூட போடல. 2021 செப்டம்பர் 5ல ராணுவம் அவரைத் தூக்குச்சு, மூணே நாள்ல எக்கோவாஸ்ல இருந்து கினி சஸ்பெண்ட்! ரெண்டு தடவைக்கு மேல யாரும் அதிபரா இருக்கக்கூடாதுன்னு 2015லயே எக்கோவாஸ்ல ஒரு யோசனை வந்துச்சு, காம்பியாவும் டோகோவும் ஒத்துக்கல, அதோட ஊத்தி மூடிட்டாங்க. அப்போ காம்பியான்னா யாரு, நம்ம ஜாமேதான்.

சரி, சிப்பாய்ங்க விஷயத்துலயாவது ஸ்ட்ரிக்டான்னு பாத்தா அதுவும் இல்ல. ஆப்பிரிக்க ஒன்றியத்தோட 2007 ஜனநாயக சாசனம், ஆட்சியைக் கவிழ்த்தவங்க அப்புறம் நடக்கற தேர்தல்ல நிக்கவே கூடாதுன்னு தெளிவா சொல்லுது. காபோன்ல 2023ல ஆட்சியைப் பிடிச்ச ஒலிகி ங்குவேமா 2025 ஏப்ரல்ல நின்னார், 90 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கி ஜெயிச்சார், அந்த மாசம் முடியறதுக்குள்ள ஒன்றியம் காபோன் மேல இருந்த தடையை எடுத்துடுச்சு.