நெல்லை வெயிலில் தாடி ஓணான் முட்டைகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் வளரும் பியர்டட் டிராகன் என்னும் ஆஸ்திரேலியத் தாடி ஓணான் முதன்முறையாக இட்ட முட்டைகள் இன்று காலை பொரியத் தொடங்கிவிட்டன.

இம்முட்டைகளுக்கு ஏற்ற வெப்பம் ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ். அக்கினி நட்சத்திரத்தில் வீட்டு அறையே அந்த அளவைத் தாண்டிவிடும் நம் ஊரில், முட்டைகளைச் சூடேற்றுவதைவிடக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே பெரும் பாடு. 32 பாகைக்கு மேல் சென்றால், மரபணுப்படி ஆணாக வேண்டிய கருக்கள்கூடப் பெண்ணாக மாறுகின்றன என்பதை ஆய்வாளர்கள் 2007-இலேயே காட்டியுள்ளார்கள். எனக்கு இவ்வளவு வியப்பூட்டிய உயிரியல் உண்மை வேறில்லை.

கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரை வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் அன்புடன் சொன்னார்கள். அது 37.5 பாகையில் இயங்கி முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஓணான் முட்டையிலோ கரு உட்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், மேற்புறத்தைப் பென்சிலால் குறித்து, ஈரமான வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள்களில் அசையாமல் வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சி முட்டைகள் பருப்பதும், பொரியும் நேரம் நெருங்குகையில் வியர்த்துச் சுருங்குவதும் இயல்பே.

ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டிய குஞ்சு, எஞ்சிய மஞ்சள் கருவை உள்ளிழுத்து முடிக்கும்வரை முட்டைக்குள்ளேயே கிடக்கும். அதை இழுத்துவிடக் கூடாது என்பதால், பார்க்க விரும்பும் நண்பர்கள் சில நாள்கள் பொறுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறேன். குஞ்சுகளுக்கு இரையாக, பூச்சிமருந்து தெளிக்காத இடத்தில் வளர்த்த சிறிய சுவர்க்கோழிப் பூச்சிகள் நெல்லையில் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.