மனந்திரும்பாத பாத்திரங்களோடு பதினெட்டு ஆண்டுகள்

என் முதல் நாவலின் இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில், குடியால் குடும்பத்தைச் சிதைத்த ஒரு தந்தை தற்செயலாகக் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் நுழைந்து, பிரசங்கத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் கேட்டு, முழங்காலில் விழுந்து மனந்திரும்புகிறார். அதை எழுதி முடித்த விடியற்காலையில் நான் அழுதேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாசிரியரோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவரை நீங்கள்தான் முழங்காலில் தள்ளியிருக்கிறீர்கள், இவராக விழவில்லை." அவரும் விசுவாசிதான் என்பதால், அந்தக் குறிப்பை விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பு என்று சொல்லி ஒதுக்க எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் சில சொற்களை மட்டும் மாற்றிவிட்டு, அத்தியாயத்தை அப்படியே அச்சுக்கு விட்டேன். அதன்பின் நான்கு நாவல்கள் எழுதிவிட்டேன். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எழுத்தாளனாக நான் வளர்ந்திருந்தால், அந்த வளர்ச்சி பெரும்பாலும் அந்தப் பென்சில் வரியை முழுதாக விளங்கிக்கொண்டதில்தான் இருக்கிறது.

கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவன் நான். காலை நான்கரை மணி முதல் ஆறரை மணி வரையிலான இரண்டு மணி நேரமே என் எழுத்து நேரம். இன்றும் அதில் மாற்றமில்லை. தொடங்கியபோது, நாவல் என்பது நீண்ட பிரசங்கம் என்றே எண்ணியிருந்தேன். ஆலயத்துக்கு வராதவர்களுக்கு நற்செய்தியைக் கதை வடிவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் ஊழியம் என்றும், உரைநடையும் அமைப்பும் உரையாடலும் அந்த ஊழியத்துக்கு உதவும் கருவிகள் மட்டுமே என்றும் நம்பினேன். ஊழியம் என்ற எண்ணத்தை நான் இன்றும் விட்டுவிடவில்லை. கருவிகள் "மட்டுமே" என்ற சொல்தான் என்னை நெடுங்காலம் தடுமாற வைத்தது.

இதில் எனக்கு முதலில் தெளிவு தந்தவர், துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்று, இறையியல் குறித்தும் ஆழமாக எழுதிய டோரதி சேயர்ஸ். வேலையைப் பற்றி 1942இல் இங்கிலாந்தில் அவர் ஆற்றிய உரையில் ஒரு தச்சரைப் பற்றிப் பேசுகிறார். குடிக்காதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்துவிடு என்று அந்தத் தச்சருக்குச் சொல்வதோடு திருச்சபை நின்றுவிடுகிறது. ஆனால் அவருடைய விசுவாசம் அவரிடம் முதலாவதாகக் கேட்பது, அவர் நல்ல மேசைகளைச் செய்ய வேண்டும் என்பதுதான் என்கிறார். அதைப் படித்த நாளில் என் முதல் நாவலை எடுத்து இருபத்து மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி வாசித்தேன். நான் செய்திருந்த மேசை ஆடியது. அதன்மேல் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும், ஆடுகிற மேசையில் யாரும் பாரத்தை நம்பி வைக்க முடியாது.

அதற்குப் பிறகு வேதாகமத்தை வேறொரு கண்ணோடும் வாசிக்கத் தொடங்கினேன். தியானத்துக்காக வாசிப்பது ஒருபுறம் இருக்க, ஒரு தொழிலாளி மூத்த தொழிலாளியின் வேலையைப் பார்ப்பதுபோல, இந்தக் கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாசித்தேன். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனின் பாவத்தைக் கண்டிக்க வந்த தீர்க்கதரிசி நாத்தான், குற்றச்சாட்டோடு தொடங்கவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஒரு பணக்காரன் பறித்துக்கொண்டதைப் பற்றிச் சொல்கிறார். அந்தக் கதைக்கு அவர் எடுத்துக்கொண்டது நான்கே வசனங்கள். அதற்குள்ளேயும் அந்த ஆட்டுக்குட்டி தன் எஜமானின் அப்பத்தைத் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்துக்கொண்டது என்ற விவரங்களுக்கு இடம் வைத்திருக்கிறார். அந்த விவரங்கள்தான் அரசனைக் கொதித்தெழ வைக்கின்றன. நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தாவீது தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்ன பிறகே, "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வருகிறது. நான் எழுதிய நாவல்களில் அந்த வார்த்தையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஆட்டுக்குட்டியைச் சொல்லாமலே விட்டிருந்தேன்.

முடிவுகள் இன்னும் அதிகமாகக் கற்றுத் தந்தன. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், தன் பங்குச் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய குமாரன் வீட்டுக்குள் வந்துவிடுகிறான், விருந்து நடக்கிறது. மூத்தவனோ வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார், பேசுகிறார், கதை நின்றுவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. வேறோர் இடத்தில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்னதைக் கேட்ட மிகுந்த ஆஸ்தியுள்ள மனிதன் மனமடிந்து, துக்கத்தோடே போய்விடுகிறான். அவனைத் திருப்பி அழைத்துவர எந்தச் சம்பவமும் சேர்க்கப்படவில்லை. யோனாவின் புத்தகமோ ஒரு கேள்வியோடு முடிகிறது: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000க்கும் அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காகத் தேவன் பரிதபியாமலிருப்பாரோ என்ற கேள்விக்கு யோனா சொன்ன பதில் எழுதப்படவில்லை. எஸ்தரின் எபிரெயப் புத்தகத்தில் தேவன் என்ற சொல்லே ஓரிடத்திலும் வருவதில்லை. வேதமே ஒரு மனிதன் துக்கத்தோடே போக இடம் கொடுக்கும்போது, என் நாவலின் மனிதனை முழங்காலில் தள்ள எனக்கு என்ன அவசரம் என்று கேட்டுக்கொண்டேன். தேவன் செய்ய வேண்டிய வேலையை நான் செய்துவிடப் பார்த்தேன் என்பதே அதற்கு நேர்மையான பதில்.

மொழியில் இருந்த சிக்கலை எனக்குக் காட்டியவர், கிறிஸ்தவர் அல்லாத என் அலுவலகத் தோழி. இரண்டாம் நாவலின் வரைவைப் படிக்கக் கேட்டிருந்தேன். புரியாத சொற்களையெல்லாம் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். "அவளுக்கு அந்த ஊரைக்குறித்து ஒரு பாரம் இருந்தது" என்ற வாக்கியத்தில் பாரம் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார். "சாட்சி சொன்னான்" என்ற இடத்தில் எந்த வழக்கு என்று குழம்பியிருக்கிறார். பின்மாற்றம், அபிஷேகம், நிரப்புதல் என்று வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. சபைக்குள் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொற்கள் ஓர் அனுபவத்தையே முழுதாக எழுப்பிவிடும். அதனாலேயே எழுதுகிறவன் அந்த அனுபவத்தை எழுதாமல் சொல்லை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவைக் குறிக்கும் கிருபை என்ற சொல்லை நாவல் முழுவதும் பயன்படுத்துவதில்லை என்று மூன்றாம் நாவலுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்தச் சொல் இல்லாமல் கிருபையை எழுத, கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் மழையைப் பார்க்கிற ஒரு காட்சிக்கே நான்கு மாதங்கள் ஆயின.

ஜெபத்தை எழுதுவதையும் அப்போதுதான் புதிதாகக் கற்றேன். என் பழைய பாத்திரங்கள் ஜெபிக்கும்போது வாசகருக்குக் கதைச்சுருக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அறிந்தவரிடம் பேசுகிறவர் எதையும் விளக்க மாட்டார். பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், சம்பந்தமில்லாததைச் சொல்வார், பல நேரம் ஒன்றும் சொல்லமாட்டார். இதைக் கண்டுகொண்ட பிறகு என் நாவல்களின் ஜெபங்கள் இரண்டு, மூன்று வரிகளாகக் குறைந்துவிட்டன.

மூன்றாம் நாவலுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்க நாவலாசிரியர் மர்லின் ராபின்சனின் முதல் நாவல் 1980இலும், ஒரு வயதான போதகரின் குரலில் அமைந்த இரண்டாம் நாவல் 2004இலும் வெளிவந்தன என்பதை அந்த ஆண்டுகளில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆனால் என் தாமதத்துக்கு உண்மையான காரணம் ஒரு கடிதம்.

இரண்டாம் நாவலில் நோயுற்ற ஒரு சிறுமிக்காக ஊரே ஜெபிக்கிறது, அவள் பிழைக்கிறாள். புத்தகம் வெளிவந்து சில மாதங்களில் ஒரு தாய் எழுதினார். அவருடைய மகளுக்காகவும் பலர் ஜெபித்திருக்கிறார்கள், மகள் பிழைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "உங்கள் கதை எனக்குப் பிடித்திருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அதில் எந்த அறையில் இடம் என்றுதான் தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் பதில் எழுத உட்கார்ந்த நாட்களில் சங்கீதங்களுக்குள் போனேன். புலம்பலாகத் தொடங்கும் பெரும்பாலான சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடுகின்றன. 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் தூரமாகிப்போன நிலையிலேயே அது முடிந்துவிடுகிறது. அப்படி முடிகிற ஒரு ஜெபத்துக்கு வேதத்தில் இடம் இருக்கிறதென்றால் என் நாவலிலும் இருக்க வேண்டும். மூன்றாம் நாவலில் குழந்தை இறந்துவிடுகிறது; யாரும் அதற்குக் காரணம் சொல்வதில்லை.

அச்சுக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தை மட்டும் அந்தத் தாய்க்கு அனுப்பி, பொய்யாகத் தோன்றுகிற இடத்தைக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. ஒரே ஒரு பத்தியை அடித்திருந்தார். மருத்துவமனையில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கதறி அழுவதாக நான் எழுதியிருந்த பத்தி அது. பக்கத்தில் எழுதியிருந்தார்: "அந்த நேரத்தில் நான் அழவில்லை. இனித் தேவைப்படாத மருந்துச்சீட்டுகளை அடுக்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டிருந்தேன்." அடுத்த நாள் காலை நான்கரை மணிக்கு அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, மருந்துச்சீட்டுகளை எழுதத் தொடங்கினேன்.