குவானினின் 7ஆம் நைட்ரஜன்

டி.என்.ஏ.வில் உலோக அயனி எங்கே ஒட்டும் என்பது அந்த அயனியைப் பொறுத்தது. மக்னீசியம் பெரும்பாலும் இழையின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட் பக்கமே நின்று, எதிர்மின் சுமையைத் தணித்து இரட்டைச் சுருளை உறுதியாக்கும். சரி, அது எளிது. செம்பும் பிளாட்டினமும் வேறு ரகம். அவை டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களையே (அடினின், குவானின், சைட்டோசின், தைமின்) தேடிப் போகும், அதிலும் முக்கியமாகக் குவானின் வளையத்தின் 7ஆம் இடத்தில் உள்ள நைட்ரஜனை. சுருளின் மேல் ஓடும் இரு பள்ளங்களில் பெரியதில் அது திறந்தே கிடக்கிறது. இணைக் காரத்தோடு உள்ள ஹைட்ரஜன் பிணைப்பிலும் சிக்கவில்லை. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினப் புற்றுநோய் மருந்து, அடுத்தடுத்த 2 குவானின்களை இப்படித்தான் பிடித்துச் சுருளையே வளைக்கிறது. புற்றுநோய்ச் செல்லால் அப்புறம் ஒழுங்காகப் படியெடுக்க முடிவதில்லை.

எனக்கு அதைவிட வியப்பு பாதரசம்தான். பொருந்தாத 2 தைமின்கள் எதிரெதிரே வந்தால், 3ஆம் நைட்ரஜன்களிலிருந்த ஹைட்ரஜனை விலக்கிவிட்டு நடுவில் தானே உட்கார்ந்துகொள்ளும். வெள்ளி அயனிக்கு அப்படியொரு ஜோடி சைட்டோசின். தண்ணீரில் பாதரசத்தைக் கண்டறியும் டி.என்.ஏ. உணரிகள் பல இந்தத் தைமின் பிடியை நம்பித்தான் இயங்குகின்றன.