கோடை விடுமுறையும் ஆங்கிலப் புராஜெக்ட்டும்

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்களும் அக மதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண்களும் உண்டு. அந்த 20-இல் 10 புராஜெக்ட்டுக்குரியவை என்பதால், மே மாத விடுமுறையிலேயே அதை முடித்துவிடும்படி பல பள்ளிகள் சொல்லியனுப்புகின்றன.

என் மகளுக்கு ‘ஃபிளமிங்கோ’ பாடநூலில் உள்ள அனீஸ் ஜங்கின் ‘லாஸ்ட் ஸ்பிரிங்’ கட்டுரையை வாசித்து, அதையொட்டி ஒருவரை நேர்காணல் செய்து எழுதும் பணி தரப்பட்டது. அந்தக் கட்டுரையில் வரும் சிறுவர்களான, டெல்லி சீமாபுரியில் குப்பை பொறுக்கும் சாகிப், ஃபிரோசாபாத்தின் வளையல் சூளைகளுக்கு நடுவே வளர்ந்தும் மோட்டார் மெக்கானிக் ஆக விரும்பும் முகேஷ் ஆகிய இருவரைப் பற்றியும் இணையத்தில் சுருக்கங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை அச்செடுத்து, வண்ணத் தாளில் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தாலும் மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அவள் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் போனாள். தராசுத் தட்டில் நாளிதழ்க் கட்டை வைத்தபடியே அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, இரவில் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தபோது, பாடநூலைத் தானாகவே மறுபடியும் புரட்டினாள். முகேஷின் பேச்சைக் கட்டுரையாசிரியர் எங்கே அப்படியே வைத்தார், எங்கே தம் சொற்களில் சொன்னார் என்று பென்சிலால் கோடிட்டாள். வாசிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். வினா-விடைக் கையேடு எதுவும் இதைச் செய்ய வைக்காது.

ஆசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு: ஒரு கட்டுரை, ஒரு நேர்காணல், கையால் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றோடு விடுமுறைப் பணியை நிறுத்திக்கொள்ளுங்கள், அலங்கார அட்டைக்கு மதிப்பெண் வேண்டாம், பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தக் குறிப்புகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்.