ஒரே வீடு, இரண்டு சட்டம்

மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பே வங்கிக் கிளைக்கு மாற்றலாகிப் போகும்வரை, திபெத்தியர்கள் என்றால் குளிர்காலத்தில் சேலத்தில் ஸ்வெட்டர் விற்க வருகிறவர்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். 1960-இல் அன்றைய மைசூர் மாநில அரசு ஒதுக்கிய காட்டைத் திருத்தி அவர்கள் உண்டாக்கிய ஊர் அது. மக்காச்சோள அறுவடை முடிந்ததும் பெற்றோர் ஸ்வெட்டர் மூட்டையோடு கிளம்பிவிடுவார்கள். தை, மாசி வரை பிள்ளைகளுக்குப் பாட்டி வீடுதான்.

2011-இல் ஒரு பெண் நர்சிங் படிக்கக் கல்விக் கடன் கேட்டு வந்தாள். கூடவே அப்பாவும் அண்ணனும். அவள் பேசிய கன்னடம் என் கன்னடத்தைவிடச் சுத்தமாக இருந்தது. மேஜையில் வைத்தது ஆர்.சி.; வெளிநாட்டவராகப் பதிந்து, அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டிய சான்று. கடன் விதியோ மாணவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றது.

அண்ணன் 1986-இல் பிறந்தவன், தங்கை 1992-இல். இருவரும் பிறந்தது அதே ஊரில். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். இவர்களின் பெற்றோர் இருவரும் சிறுவயதில் திபெத்திலிருந்து தப்பி வந்தவர்கள். ஆக, சட்டப்படி அண்ணன் இந்தியன், தங்கை அந்நியள். அண்ணனிடமும் ஆர்.சி.தான் இருந்தது. நாம்கியால் டோல்கர் என்ற திபெத்தியப் பெண் பாஸ்போர்ட்டுக்காக டெல்லி உயர் நீதிமன்றம் போய், தான் குடிமகள்தான் என்று தீர்ப்பு வாங்கியது அதற்கு முந்தைய டிசம்பரில். அவளும் 1986-இல் பிறந்தவள்.

அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் முகம் இறுகியது. "எல்லாரும் இந்தியராகிவிட்டால் திபெத்தைக் கேட்க யார் இருப்பார்கள் சார்?" என்றார். மகன் குனிந்துகொண்டான். மகள்தான், "அப்பா, பாஸ்போர்ட் வாங்கினால் அண்ணன் வேறு ஆளாகிவிடுவானா?" என்று கேட்டாள். பெரியவர் பதில் சொல்லவில்லை.

அவர் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஊரை இழந்தவருக்கு அந்தக் காத்திருப்பும் ஒரு போராட்டம்தான். ஆனால் அதற்கான விலையை, அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண் ஒவ்வொரு கவுண்டரிலும் கட்ட வேண்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. பிறந்த வருடத்தை வைத்து ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரிக்கும் சட்டத்தைத் திருத்துவது டெல்லியால் முடியாத காரியம் அல்ல.

கடன் கிடைக்கவில்லை. ஸ்வெட்டர் பணத்தில்தான் படித்தாள். 2014-இல், அண்ணன் வயதுக்காரர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாம் என்று தேர்தல் ஆணையம் சொன்னபோது அவன் விண்ணப்பித்தான். கையெழுத்துப் போடும்போது அப்பாவும் கூட வந்திருந்தாராம்.