செத்த புழுவும் மயங்கிக் கிடந்த புழுவும்

ஆந்திராவின் குப்பம் ஊரைச் சுற்றிக் கோஸ் போடுகிறவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சி என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். இலையை ஓட்டை ஓட்டையாக அரிக்கிற சின்னப் பச்சைப் புழு என்றால் உடனே தெரியும். எந்த மருந்துக்கு அது எவ்வளவு கேட்கிறது என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. சித்தப்பா தோட்டத்துப் புழுவிலிருந்தே தொடங்கினேன்.

வயலில் பிடித்ததை நேரே சோதனையில் போடக்கூடாது. சில புழுக்களுக்குள் ஒட்டுண்ணிக் குளவி இருக்கும். அவை தானாகவே சாகும், கணக்கு மருந்தின் பேரில் விழும். அதனால் அவற்றை அந்துப்பூச்சி ஆகும்வரை வளர்த்து, கூண்டில் தேன் கரைசல் நனைத்த பஞ்சு வைத்து, கடுகு நாற்றில் முட்டையிட வைத்தேன். அடுத்த தலைமுறையின் மூன்றாம் பருவப் புழுதான், அதாவது இரண்டு முறை தோலுரித்த புழுதான், சோதனைக்கு. தீனிக்கான கோஸையும் மருந்து படாமல் நாமே வளர்க்க வேண்டும். சந்தைக் கோஸை நம்பவே முடியாது.

இலைத் துண்டை மருந்துக் கரைசலில் 10 விநாடி முக்கி, உலர்த்தி, பெட்ரி தட்டில் புழுவோடு வைக்க வேண்டும், அவ்வளவுதான். கோஸ் இலையின் மெழுகில் தண்ணீர் நிற்காது; எல்லாக் கரைசலிலும் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற ஒட்டு திரவம் கொஞ்சம் சேர்ப்போம். மருந்தே இல்லாத தட்டும் வேண்டும். அதில் சாகிறதைக் கழிக்கத்தான் அபாட் என்ற பூச்சியியலாளர் 1925இல் தந்த சூத்திரம். மருந்துத் தட்டில் 55 சதவீதம், வெறும் தட்டில் 10 சதவீதம் செத்தால், வித்தியாசமான 45ஐ, வெறும் தட்டில் பிழைத்த 90ஆல் வகுத்து 50 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம்.

கஷ்டமெல்லாம் எண்ணுவதில்தான். நல்ல புழு, தூரிகை நுனி பட்டதும் விருட்டென்று பின்பக்கமாக நெளியும். விளிம்புக்கு வந்தால் நூல் விட்டுத் தொங்கும். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தட்டில் முதல் நாள் சுருண்டு கிடந்தவற்றில் பல, பிறகு எழுந்து இலையைத் தின்றுகொண்டிருந்தன. குளோரன்ட்ரானிலிப்ரோல் என்ற இன்னொரு மருந்துத் தட்டில் நேர்மாறு. புழுவுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் இலையில் புதுக் கடியே இல்லை. தசைக்குள் கால்சியம் கட்டுமீறிக் கசிவதால் வாயை அசைக்க முடியாமல் கிடந்து, அப்புறம்தான் சாகிறது. 24 மணி நேரத்தில் எண்ணினால் முதல் மருந்துதான் கெட்டி என்று தோன்றும். 72 மணி நேரத்தில் வரிசை தலைகீழ். பாதிப் புழுவைக் கொல்லும் செறிவைத்தான் எல்.சி.50 என்கிறோம். எத்தனை மணி நேரம் கழித்து எண்ணியது என்று சொல்லாத எல்.சி.50ஐ நான் மதிப்பதே இல்லை.

"அப்ப எதை வாங்கட்டும், சொல்லுப்பா" என்றார் சித்தப்பா. ஒன்றையே பிடித்துக்கொள்ளாதீர்கள், வேறு வேறு வகை மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள் என்றேன். ஜாவாவில் 1950களிலேயே டி.டி.டி.க்கு அடங்காமல் போன பூச்சி இது, பி.டி. நுண்ணுயிர் மருந்தையும் வயலில் முதலில் தாங்கிக்கொண்டது இதுதான்.

"சாயங்காலம் அடிச்சேன், காலையில புழு நெளியுதேன்னு திரும்பவும் அடிச்சேனே?"

"புழு நெளியுதான்னு பார்க்காதீங்க சித்தப்பா. குருத்து இலையில புதுசா கடிச்சிருக்கான்னு பாருங்க. கடி இல்லேன்னா மூணு நாள் பொறுங்க."