வாடகைக் கணக்கும் ஓசூர் வாடகையும்

ஓசூரில் வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அரசுப் புள்ளிவிவரத்தை நம்பித் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் போட்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் (விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் அரசுக் கணக்கு) வாடகை அடங்கிய வீட்டுவசதிப் பிரிவு நகரத்துக்கு மட்டும்தான் இருந்தது, நகரக் குறியீட்டில் அதன் எடை, அதாவது பங்கு, 21.67 சதவீதம், கிராமத்துக்குச் சுத்தமாக இல்லை. அப்படியென்றால் சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வருகிறவர்களை நம்பி ஊராட்சி எல்லைக்குள் வரிசையாகக் கட்டி விட்டிருக்கும் லைன் வீடுகள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. நகரத்திலும் ஒரு வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் போய் விசாரித்தார்கள்.

சரி, ஒப்பந்தங்களைப் பார்க்கலாமே என்றால் அது இன்னும் கூத்து. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில்) எழுதிப் பதியச் சொல்கிறது. எங்கள் தெருவில் யார் பதிகிறார்கள்? பத்திரத்தில் 5,000, கையில் 8,000, தண்ணி மோட்டாருக்குத் தனி, அட்வான்ஸ் பற்றிப் பத்திரத்தில் பேச்சே இல்லை. வருமான வரிக்கு ரசீது கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணும் வேண்டுமே! எனக்கென்னவோ டூலெட் பலகையில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு விசாரிப்பதே மேல் என்று தோன்றுகிறது, அதிலும் அவர்கள் சொல்வது ஒன்று, பேசிப் படிவது வேறு.